நான்கு குடும்பம் போதும்: ஏ.டி.எச்.டி. பெற்றோர் குழுவைத் தொடங்கி நடத்துவது

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டில் தீர்ப்புகள் வரத் தொடங்கிவிடும். 'செல்லம் கொடுத்தே கெடுத்துட்டா' என்று மாமியார் மருமகளைப் பார்ப்பார். 'நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன், தானா சரியாயிடும்' என்பார் அப்பா. பக்கத்து வீட்டம்மா உப்பு மிளகாய் சுற்றிப்போடச் சொல்வார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும்.

நோய் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன சிகிச்சை என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்தச் சிகிச்சையை வீட்டில் நாள்தோறும் நடத்திக்காட்ட வேண்டியவர்கள் பெற்றோர். அவர்கள் தனியாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. சுருக்கமாகச் சொன்னால்: மாதம் ஒருமுறை நான்கு குடும்பங்கள் ஓரிடத்தில் உட்கார வேண்டும். வந்தவர்கள் புலம்பலாம், அழலாம். எழுந்து போகும்போது அடுத்த வாரம் செய்துபார்க்க ஒரு வேலையோடு போக வேண்டும்.

குழு எதற்கு?

நெரிசலான ஓ.பி.யில் டாக்டர் உங்களோடு பேசுவது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன்பாகப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிறது. இரண்டு கட்டத்திலும் பாதி வேலை பெற்றோருடையது.

குடும்பத்தை உட்காரவைத்துப் பேசும் வழக்கம் நமக்குத் தூரத்தில் பிறந்ததல்ல. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே தொடக்கத்திலிருந்தே நடைமுறை. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பத்து வாரம் குழுவாக உட்காரவைத்துக் கலந்துபேசவைத்தார்கள் வேலூர் மருத்துவர்கள். பிள்ளை வளர்ப்பு பற்றிய அவர்கள் மனப்போக்கு மற்றப் பிரிவினரைவிட நன்றாக மாறியிருந்தது. அந்த ஆய்வு 1999ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யில் வெளிவந்தது. பிள்ளைகளின் குறைபாடு வேறு. ஆனால் தன்னைப் போன்ற இன்னொருவரோடு பேசும்போது பெற்றோர் மாறும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் இன்று பெரிதாக வளர்ந்திருக்கும், ஏ.டி.எச்.டி. குடும்பங்களுக்கான 'சாட்' அமைப்பும் 1987ல் புளோரிடாவில் சில பெற்றோர் கூடித் தொடங்கியதே.

'எங்க ஊர்ல வேற யாருக்கு இருக்கு?' என்று கேட்காதீர்கள். உலக ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வந்த கணக்கு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 770 பேரிடம் நடந்து 2013ல் வெளியான ஆய்வில் இது 11.32 சதவீதம். அப்படியானால் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகள். ஆள் இல்லாமல் இல்லை, ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள்.

முதல் நான்கு குடும்பங்கள்

பெரிய அறிவிப்பு வேண்டாம். இந்த இடங்களில் தேடுங்கள்:

• மருத்துவமனை. திருப்பதி ரூயா மருத்துவமனை, குப்பம் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி. என எங்கே காட்டுகிறீர்களோ அங்கே உங்கள் டாக்டரிடம், 'இதே பிரச்சினையோட வர்ற வீட்டுக்காரங்க சம்மதிச்சா என் நம்பரைக் கொடுங்க' என்று கேளுங்கள். அவர்கள் நம்பரை நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் நம்பரைத்தான் விட்டுவர வேண்டும்.

• பள்ளிச் சுகாதாரக் குழு. 2013ல் தொடங்கிய 'ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய 30 நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. சந்தேகப்படும் பிள்ளைகளை மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழு எப்போது வரும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

• ஆஷா, அங்கன்வாடி ஊழியர். எந்த வீட்டில் பிள்ளை 'அடங்கறதே இல்ல' என்று தாய் அழுகிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள். ஓடாமல், குதிக்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் டாக்டரிடம் அழைத்துப்போவதில்லை. 'மந்தம்' என்று பெயர் வைத்து விட்டுவிடுவார்கள்.

சேருகிற பிள்ளைக்கு டாக்டர் உறுதிசெய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் காது, கண் பரிசோதனை முடிந்ததா என்று மட்டும் முதல் நாளே கேளுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளையும் 'கவனிக்காத' பிள்ளையாகத்தான் தெரியும். இன்னொன்று நம் எல்லைப்புறத்துக்கே உரியது: வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளையை எந்த மொழியில் பரிசோதித்தார்கள் என்று விசாரியுங்கள். அரைகுறையாகப் புரிகிற மொழியில் வைத்த பரீட்சையில் எந்தப் பிள்ளையும் திணறும்.

இடம், நாள், நேரம்

ஆந்திராவில் பெண்களுக்குக் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ட்வாக்ரா மகளிர் சுயஉதவிச் சங்கத்தில் வட்டமாக உட்கார்ந்து, வருகை எடுத்து, தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: குறித்த நாள், வட்டமாக உட்காருவது, ஒரு நோட்டு, சுழற்சியில் தலைவி. ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள், பணம். சந்தா, சேமிப்பு, கடன் எதுவும் இந்தக் குழுவில் கூடாது. தேநீர்ச் செலவை யார் வீட்டு முறையோ அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் தரைத்தளத்தில், கதவு உள்ள சுற்றுச்சுவரோடு இருக்க வேண்டும். மொட்டை மாடியும், நெடுஞ்சாலையோர மண்டபமும், மூடாத கிணறுள்ள வீடும் ஆகாது. பிள்ளைகளையும் அழைத்து வருவதாக இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு கல்லூரி மாணவர்களாவது வேண்டும். வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் பக்கம் கேட்டுப்பார்க்கலாம். பிள்ளைகள் விளையாட ஒரு பக்கம், பெரியவர்கள் பேச இன்னொரு பக்கம். பிள்ளையின் காதுபடப் பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது.

மாதத்தின் ஒரு குறிப்பிட்ட ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்தியை ஒட்டி 21 நாள் நடக்கும் பிரம்மோற்சவம், திருமலைப் பிரம்மோற்சவம், மே மாதத் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை ஆகிய நாட்களில் பஸ்ஸும் கிடைக்காது, ஆளும் வரமாட்டார்கள். வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் அந்த ஞாயிறுகளைத் தள்ளி வையுங்கள்.

முந்தைய நாள் ராத்திரி எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல் போகட்டும். மறுநாள் காலையில் இன்னொன்று. இது அதிகப்படி இல்லை. ஏ.டி.எச்.டி. பரம்பரையாக வலுவாக வருவது. 'நானும் சின்ன வயசுல இப்படித்தான்' என்ற அப்பா தன்னைப் பற்றிச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கூட்டத்தை மறப்பவரும் தாமதமாக வருபவரும் அக்கறை இல்லாதவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஒன்றரை மணி நேரக் கூட்டம்

• முதல் 10 நிமிடம்: வருகை, விதிகளை ஒருவர் உரக்கப் படிப்பது (தமிழிலும் தெலுங்கிலும்).
• அடுத்த 20 நிமிடம்: போன தடவை எடுத்துப்போன வேலை என்னாயிற்று? ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம். தோற்றதையும் சொல்ல வேண்டும்.
• அடுத்த 30 நிமிடம்: ஒரே ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு பிரச்சினை.
• அடுத்த 20 நிமிடம்: ஒரு தகவல். மருந்து, சட்டம், தூக்கம், போன் என மாதம் ஒன்று.
• கடைசி 10 நிமிடம்: ஆளுக்கு ஒரு வேலை, நோட்டில் எழுதிக் கையெழுத்து.

நடுவில் வரும் அந்த 30 நிமிடம்தான் குழுவின் உயிர். அதை நடத்தும் முறை ஒன்று உண்டு. 'ஏன் இப்படிப் பண்றான்?' என்று யாரும் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் கேட்க வேண்டும். ஒரு மாதிரி:

'எட்டு மணிக்கு ஹோம்வொர்க்குன்னு உக்கார வெச்சா ஒம்பதரை ஆனாலும் மூணு கணக்கு முடியலக்கா. கடைசில அடிச்சிட்டேன்.'

'சரிம்மா. எட்டு மணிக்கு முன்னாடி அவன் இன்னா பண்ணிட்டிருந்தான்?'

'டியூஷன். ஸ்கூல் வுட்டு வந்து டிபன் சாப்ட்டதும் அஞ்சரைக்குப் போவான், ஏழரைக்கு வருவான்.'

'நடுவுல வெளையாட்டு?'

'எங்கக்கா நேரம்?'

'அப்போ காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் குந்திக்கினேதான் இருக்கான். அடிச்சப்புறம் இன்னா ஆச்சு?'

'அழுதான். அவங்க அப்பா வந்து நோட்டை மூடிட்டு சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டாரு.'

'அப்போ அழுதா கணக்கு போட வேணாம்னு கத்துக்கினான்.'

இந்த இடத்தில் சுற்றியிருப்பவர்கள் தங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்லலாம். அறிவுரையாகச் சொல்லக் கூடாது, 'நாங்க இப்படிப் பண்ணோம்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் டியூஷனுக்கு முன் அரை மணி நேரம் சைக்கிள் விட்டதைச் சொல்வார். இன்னொருவர் மூன்று கணக்கையும் மூன்று துண்டுச் சீட்டில் எழுதி, ஒன்று முடிந்ததும் எழுந்துபோய் டப்பாவில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து வரச் செய்ததைச் சொல்வார். அந்தத் தாய் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவாள். இரண்டும் ஒன்றாக வேண்டாம். ஒன்றைத்தான் விடாமல் செய்ய முடியும்.

சீட்டு உத்தி நம் மண்ணில் சோதித்துப் பார்த்ததுதான். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி போல ஏறச் செய்தார்கள். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் அட்டைகளுக்கு அதுவே முன்மாதிரி. அட்டையை எடுக்க எழுந்து போகலாம் என்பதே உட்கார முடியாத பிள்ளைக்குப் பெரிய விடுதலை.

ஐந்து விதிகள்

1. இங்கே பேசியது வெளியே போகாது. ஊர் சின்னது. 'நாளைக்கு இந்த வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா?' என்ற பயம் ஒவ்வொரு தாய்க்கும் இருக்கிறது.

2. வாட்ஸ்அப்பில் பிள்ளையின் படம், மருந்துச் சீட்டு, பள்ளியின் பெயர் போடக் கூடாது.

3. யார் வளர்ப்பும் தவறு என்று யாரும் சொல்லக் கூடாது. மாமியார் வந்தாலும் இதே விதிதான்.

4. எதையும் விற்கக் கூடாது. ஞாபகசக்தி டானிக், மூளைப் பயிற்சி வகுப்பு, டியூஷன் எதுவானாலும் சரி. விற்க வந்தவர் உறவினரானாலும் சரி.

5. மருந்தின் அளவைச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது.

மருந்து பற்றிப் பேசும்போது

ஐந்தாம் விதிக்குக் காரணம் உண்டு. ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளுக்கே அளவு வேறுபடும். 'உங்களுக்குப் பத்தா? எங்களுக்கு அஞ்சுதான்' என்ற பேச்சு, ஒரு வீட்டில் மாத்திரையை நிறுத்தவைக்கும், இன்னொரு வீட்டில் கூட்டவைக்கும்.

குழுவில் பேச வேண்டியவை வேறு. மெத்தில்ஃபெனிடேட் மருந்து 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் வருகிறது. சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. வேலூரில் சீட்டு வாங்கிக்கொண்டு சித்தூர் வந்து கடை கடையாக அலைவதைவிட, ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் முன்பே அங்கேயே வாங்கிவிடுவது நல்லது. இந்த மருந்து பசியைக் குறைக்கும். ஆகவே காலை இட்லி தோசை வயிற்றுக்குள் போன பிறகு மாத்திரை. டாக்டரிடம் போகும் ஒவ்வொரு தடவையும் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லி நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

பள்ளிக்குச் சேர்ந்து போவது

தனியாகப் போகும் தாயைப் பள்ளி உட்காரச் சொல்லாது. இரண்டு பேராகப் போனால் நாற்காலி வரும். குழுவில் ஒருவர் இன்னொருவருக்குத் துணையாகப் போவதை வழக்கமாக்குங்கள். பேசப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை:

• கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: பிள்ளையை அடிப்பதும் மன உளைச்சல் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டவை. சண்டைக்காக இதைச் சொல்லாதீர்கள், தெரியும் என்று காட்டினால் போதும்.

• அதே சட்டத்தின் பிரிவு 21: அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழுவிலிருந்து ஒருவராவது அதில் இடம்பிடிக்கப் பாருங்கள்.

• மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பல பிள்ளைகளுக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும். எழுத்துப் பிழையும் வாசிப்புத் தடுமாற்றமும் அளவு மீறினால் அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்த வழி திறக்கும்.

ஆசிரியரிடம் ஒரு தடவையில் ஒரே கோரிக்கை: முதல் பெஞ்ச், அல்லது கரும்பலகை துடைக்கும் வேலை, அல்லது டைரியில் ஹோம்வொர்க் எழுதினானா என்று ஒரு பார்வை. ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்கு ஐந்து கோரிக்கை கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

மலைக்குப் போகும்போது

திருப்பதிப் பக்கத்துக் குழுவில் கட்டாயம் பேச வேண்டிய விஷயம் இது. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் அடைத்த அறையில் மணிக்கணக்காகக் காத்திருப்பது பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். ஒரு பெரியவர் பிள்ளைக்கென்று மட்டும் இருக்கட்டும், லட்டுக்கும் மொட்டைக்கும் மற்றவர் ஓடட்டும். போன் நம்பரைச் சட்டைப்பையில் சீட்டாக வைக்காமல் முன்கையில் பேனாவால் எழுதுங்கள்.

நடந்து ஏறுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அலிபிரி வழியின் 3,550 படிகளைச் சலிக்காமல் ஏறுவார்கள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, முன்னால் ஓடிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் அந்த நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள். அதன் பிறகு சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. அலிபிரியில் அன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு, காலையிலேயே, கூட்டத்தோடு சேர்ந்து, கையைப் பிடித்தபடி ஏறுங்கள்.

குழு தடுமாறும் இடங்கள்

*அப்பாக்கள் வருவதில்லை.* கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். வேலை கொடுத்தால் வருவார்கள். பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆட, வேலூருக்குச் சேர்ந்து வண்டி பிடிக்க, பள்ளிக்குத் துணையாகப் போக அவர்களைக் கேளுங்கள்.

*ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்.* போனில் டைமர் வையுங்கள். மணி அடிப்பது போன்தான், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

*ஒரு தாயின் பேச்சு அழுகையைத் தாண்டிப் போகிறது.* 'செத்துடலாம்னு இருக்கு' என்ற சொல் வந்தால் அன்றைய நிகழ்ச்சி நிரலை ஓரம் வைத்துவிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 எண் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். மறுநாள் ஒருவர் கூடவே டாக்டரிடம் போக வேண்டும். பிள்ளைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால் 1098.

*ஆறு மாதத்தில் ஆள் குறைகிறது.* பிள்ளை தேறியதால் நின்றவர்கள் இருப்பார்கள். அவர்களை வருடத்துக்கு இரண்டு தடவையாவது அழையுங்கள். புதிதாக வந்த தாய்க்கு டாக்டரின் வார்த்தையைவிட, 'என் பையனும் மூணாவதுல இப்படித்தான் இருந்தான், இப்ப ஒம்பதாவது' என்ற வார்த்தை பலம்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம்: நான்கு குடும்பம், ஒரு இடம், ஐந்து விதிகள் எழுதிய ஒரு தாள்.

இரண்டாம் மாதம்: ஒரு பிரச்சினையை மாதிரியில் சொன்னபடி பேசிப்பாருங்கள். ஆளுக்கு ஒரு வேலை, நோட்டில் எழுதியது.

மூன்றாம் மாதம்: உங்கள் டாக்டரையோ பயிற்சி பெற்ற உளவியலாளரையோ அரை மணி நேரம் வரவழையுங்கள். கேள்விகளை முன்பே எழுதிக் கொடுங்கள். தலைமை அவருடையதாகிவிடக் கூடாது. அவர் விருந்தாளி, வீடு உங்களுடையது.

மூன்றாம் மாத முடிவில் நோட்டைப் புரட்டிப்பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எடுத்துப்போன வேலைகளில் எத்தனையைச் செய்துபார்த்துவிட்டு வந்து சொன்னார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் குழு நடக்கிறது. குறைந்தால் கொடுத்த வேலை பெரிதாக இருந்திருக்கும். அதை இன்னும் சின்னதாக்கி மறுபடி கொடுங்கள்.